புல்வெளியில் நின்ற படகு

திருப்பதியிலும் சித்தூரிலும் நின்று பார்த்தால் மலைகள் தெரியும், கடல் தெரியாது. ஆயினும் திருப்பதியின் அருகே ஓடித் திருக்காளத்தியைத் தொட்டுச் செல்லும் சுவர்ணமுகி ஆறு வங்கக் கடலில்தான் போய்ச் சேர்கிறது. பழந்தமிழ் நூல்கள் இவ்வாற்றைப் பொன்முகலி என்று அழைக்கும். அது கடலை அடையும் கரைக்குத் தெற்கே பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கிறது. அங்குள்ள மீனவர்கள் தம் படகுகளை அவ்வப்போது கரையேற்றிப் பழுதுபார்ப்பார்கள். கடலோடிகளின் கதைகளோ அலை, புயல், தீவு என்றே பேசும். படகு கரையில் கிடந்த நாள்களை அவை ஓரிரு வரிகளில் முடித்துவிடும். உலகைத் தனியொருவராகப் பாய்மரப் படகில் முதன்முதலில் சுற்றிவந்த ஜோசுவா ஸ்லோக்கத்தின் வாழ்க்கையை அவ்வாறு சொல்ல இயலாது. அவருடைய பயணத்தின் பெரும்பகுதி ஒரு புல்வெளியிலேயே நடந்தது.

ஸ்லோக்கம் 1844ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், இன்றைய கனடா நாட்டின் நோவா ஸ்கோசியா மாநிலத்தில், மவுண்ட் ஹேன்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். உடன்பிறந்தோருடன் சேர்த்து அவ்வீட்டில் பதினொரு பிள்ளைகள். அவ்வூரை அடுத்துள்ள ஃபண்டி விரிகுடா, உலகிலேயே மிக உயரமாக ஓதம் ஏறி இறங்கும் இடமாகும். ஜோசுவாவுக்கு எட்டு வயதானபோது குடும்பம் நிலத்தை விட்டுப் பிரையர் தீவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை, மீனவர் அணியும் தோல் காலணிகளைத் தைக்கும் பட்டறையை நடத்தினார். பத்து வயதில் சிறுவனின் பள்ளிப்படிப்பு நின்றது. நாள் முழுவதும் பட்டறையில் தோலோடு போராட வேண்டியிருந்தது.

கண்டிப்பு மிகுந்த அத்தந்தை ஒருநாள், மகன் யாரும் அறியாமல் செதுக்கிவந்த சிறு கப்பல் ஒன்றைக் கண்டார். வேலை நேரத்தை வீணாக்கியதாகச் சினந்து அதனை உடைத்தெறிந்தார். பதினான்கு வயதில் சிறுவன் வீட்டை விட்டோடி ஒரு மீன்பிடிக் கப்பலில் சமையல் உதவியாளனாகச் சேர்ந்தான். சில நாள்களில் திரும்பி வந்தான். 1860இல் தாய் இறந்த பிறகு வீட்டில் அவனைப் பிடித்துவைக்க எதுவும் இருக்கவில்லை. பதினாறு வயதில் கடலுக்குச் சென்ற அவன் பின்னர் அத்தீவில் வாழ்வதற்கென்று திரும்பவே இல்லை.

கடலில் அவர் விரைவாக உயர்ந்தார். சாதாரண மாலுமியாகத் தொடங்கி, கப்பலில் ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் வழிகாண் கணிதம் பயின்று, இருபத்தைந்து வயதில் கப்பல் தலைவரானார். இதற்கிடையில் அமெரிக்கக் குடிமகனாகவும் ஆகியிருந்தார். 1871இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வர்ஜீனியா வாக்கர் என்பவரை மணந்தார். மணமக்கள் குடியேறியது வீட்டில் அன்று; கப்பலில். அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் வர்ஜீனியா கணவருடன் கடலிலேயே வாழ்ந்தார். அவர்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளும் கடலிலோ அயல்நாட்டுத் துறைமுகங்களிலோ பிறந்தவர்கள். அவர்களுள் நால்வரே உயிர்தரித்து வளர்ந்தனர். கப்பலின் தலைவர் அறையே அப்பிள்ளைகளுக்குப் பள்ளி, தாயே ஆசிரியர். எந்த ஊர் உங்கள் சொந்த ஊர் என்று கேட்டால் அப்பிள்ளைகளுக்கு விடை சொல்வது கடினமாகவே இருந்திருக்கும்.

அக்காலத்தில்தான் கடல் மாறிக்கொண்டிருந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. காற்றை எதிர்பாராமல் குறித்த நாளில் துறை சேரும் அவற்றுடன் பாய்மரக் கப்பல்கள் போட்டியிட முடியவில்லை. ஸ்லோக்கம் நீராவியை விரும்பவில்லை. பாய்களையே நம்பி, தம் சேமிப்பையெல்லாம் அக்விட்னெக் என்னும் மரக்கப்பலில் முதலீடு செய்தார். 1884ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அக்கப்பல் புவெனஸ் அயர்ஸ் நகரருகே நங்கூரமிட்டிருந்தபோது வர்ஜீனியா நோயுற்று இறந்தார். அவருக்கு வயது முப்பத்து நான்குதான். இரண்டாண்டுகளுக்குப் பின் ஸ்லோக்கம் தம் உறவுப்பெண் ஹென்ரியெட்டாவை மணந்தார். 1887ஆம் ஆண்டின் இறுதியில் பிரேசில் கரையில் மணல்திட்டில் சிக்கி அக்விட்னெக்கும் உடைந்தது. கப்பலுக்குக் காப்பீடு இல்லை. தொழில், சேமிப்பு, வீடு ஆகிய மூன்றும் ஒரே நாளில் போயின.

மனைவியோடும் இரு மகன்களோடும் அயல்நாட்டுக் கரையில் நின்ற அவர், சிதைந்த கப்பலிலிருந்து மீட்ட பொருள்களையும் அருகிலிருந்த காட்டு மரங்களையும் கொண்டு முப்பத்தைந்து அடி நீளத்தில் ஒரு படகைக் கட்டினார். பாய்களை ஹென்ரியெட்டா தைத்தார். அப்படகு 1888ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் நீரில் இறங்கியது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட நாளும் அதுவே. ஆகவே விடுதலை என்னும் பொருள்படும் லிபர்டாடே என்ற போர்த்துக்கீசியச் சொல்லையே படகுக்குப் பெயராகச் சூட்டினர். நால்வரும் அதிலேயே தங்கி, ஏறத்தாழ 5,500 மைல் கடந்து அமெரிக்கக் கரையை அடைந்தனர். அதன்பின் ஹென்ரியெட்டா கணவருடன் கடற்பயணம் செய்ய விரும்பவில்லை. அவரைக் குறைகூற யாருக்கும் மனம் வராது.

இங்குதான் புல்வெளி வருகிறது. 1892ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பாஸ்டன் நகரில் ஸ்லோக்கம் வேலை தேடிக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தெட்டு. பாய்மரக் கப்பல் தலைவர்களை எவரும் தேடவில்லை. அப்போது ஈபன் பியர்ஸ் என்னும் பழைய திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர், தம்மிடம் ஒரு கப்பல் இருப்பதாகவும், சிறிது பழுதுபார்த்தால் போதுமென்றும், அதை இலவசமாகவே தருவதாகவும் கூறினார். மறுநாளே ஸ்லோக்கம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபேர்ஹேவன் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே, கடலிலிருந்து சற்று விலகிய ஒரு புல்வெளியில், கித்தான் துணியால் மூடப்பட்டு, மிகப் பழைய சிப்பிப் படகு ஒன்று நின்றது. அதன் பெயர் ஸ்ப்ரே. கடல் திவலை என்று பொருள். ஏழாண்டுகளாக அது அங்கேயே நின்றதாம். பியர்ஸ் செய்தது ஒருவகை வேடிக்கை. ஊரார், அப்படகை உடைத்து விறகாக்க ஒருவர் வந்துவிட்டார் என்றே எண்ணினர். தாம் அதைக் கட்டப்போவதாக ஸ்லோக்கம் சொன்னபோது அவர்கள் வியந்தனர். அதனால் என்ன ஊதியம் வரும் என்னும் கேள்வியை அவர் ஓராண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருக்க நேர்ந்தது.

கோடரியை எடுத்து அருகிலிருந்த ஓக் மரம் ஒன்றை வீழ்த்துவதுடன் வேலை தொடங்கிற்று. அம்மரமே படகின் ஏராவாயிற்று. ஏரா என்பது படகின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகெலும்பு போன்ற மரம். அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புகள்போல் வளைந்தெழுபவை வங்குகள். வளைந்த மரம் கிடைப்பது அரிது; நேரான இளமரத்தை வளைத்தாக வேண்டும். ஸ்லோக்கம் ஒரு மரப்பெட்டியைச் செய்து, அதனுள் நீராவியைச் செலுத்தி, மரம் துவளும்வரை வேகவைப்பார். பின்பு ஒரு கட்டையின்மேல் அதனை வளைத்து, இறுகும்வரை கட்டிவைப்பார். எந்த நீராவி தம் தொழிலைப் பறித்ததோ, அதே நீராவியைக் கொண்டு அவர் தம் பாய்மரப் படகைச் செய்தார்.

வங்குகள் நிமிர்ந்தபோது ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. ஓய்வுபெற்ற திமிங்கில வேட்டைக்காரர்கள் நாள்தோறும் வந்து சுற்றி நின்று பார்ப்பர். வடதுருவப் பனிக்கட்டிகளைக் கண்டு பழகிய அம்முதியவர்கள், படகின் முன்மரத்தைத் தட்டிப் பார்த்து, இது பனியையும் பிளக்கும் என்று தீர்ப்பளித்தனர். கேலி செய்தவர்கள் மெல்ல ஆலோசகர்களாயினர். பின்னர் ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள பைன் பலகைகள் வங்குகளின்மேல் பொருத்தப்பட்டன. பலகைகளை ஆணி அறைந்து விடுவதுடன் அவர் நிறைவடையவில்லை. ஏறத்தாழ ஆயிரம் திருகாணிகளை ஊடுருவச் செலுத்தி, மறுபுறம் மரையிட்டு இறுக்கினார். அதன்பின் கலப்பத்து. பலகைகளின் இடுக்குகளில் நீர் புகாதபடி பஞ்சும் சணல்நாரும் திணித்து அடைக்கும் வேலைக்குத் தமிழ்க் கரையோரங்களில் வழங்கும் பெயர் அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவ்வேலை தெரியாது. ஆனால் அதில் ஓரிடத்தில் சோம்பியிருந்தாலும் கடல் அவ்விடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

பழைய பலகை ஒன்றை எடுத்துவிட்டுப் புதிய பலகை ஒன்றை வைத்தல் என்றே வேலை நடந்ததால், முடிவில் பழைய படகின் மரம் ஏறத்தாழ எதுவும் எஞ்சவில்லை. அப்படியானால் அது பழைய ஸ்ப்ரேயா, புதிய படகா? ஸ்லோக்கத்துக்கே இவ்வையம் எழுந்தது. பெயர் மாறாதவரை படகும் மாறவில்லை என்று கொண்டு அவர் அதனை ஸ்ப்ரே என்றே அழைத்தார்.

வேலை பதின்மூன்று மாதங்கள் நீடித்தது. பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 செண்டு. இக்கணக்கை அவர் செண்டு விடாமல் குறித்துவைத்திருந்தார். கையில் பணமில்லாத நாள்களில் துறைமுகத்திலிருந்த திமிங்கிலக் கப்பல்களில் கூலிக்கு வேலை செய்து, அப்பணத்தைக் கொண்டே தம் வேலையைத் தொடர்ந்தார். முடிந்த படகின் நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். ஏறத்தாழ ஒரு பேருந்தின் நீளம். அகலமோ பேருந்தைவிடக் கூடுதல்.

இனி அதில் வாழ வேண்டும். பின்புறத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் தங்கும் அறை. முன்புறத்தில் ஆறடிச் சதுரத்தில் சமையலறை. இரண்டுக்கும் நடுவே, மேல்தளத்தின் அடியில், தண்ணீர்ப் பீப்பாய்களுக்கும் உப்பிட்ட இறைச்சிக்கும் இடம். தங்கும் அறையின் ஓரத்தில் படுக்கைப் பலகையும், சிறு பொருள்களுக்கு அடுக்குகளும், மருந்துப் பெட்டிக்கு ஒரு மூலையும் அமைத்தார். புத்தகங்களுக்கும் இடம் ஒதுக்கினார். அது ஆடம்பரம் என்று தோன்றலாம். ஆனால் மாதக்கணக்கில் மனித முகத்தைக் காணாமல் இருக்கப்போகிறவருக்குத் தண்ணீருக்கு அடுத்த தேவை அதுவே எனலாம்.

1893இல் ஸ்ப்ரே நீரில் இறங்கியது. உடனே உலகைச் சுற்றப் புறப்பட்டுவிடவில்லை. ஒரு பருவம் மீன்பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை கோக்கும் திறமைகூடத் தமக்கில்லை என்பதை அறிந்துகொண்டார். வேறு சில வேலைகளும் கைகொடுக்கவில்லை. பிழைப்புக்கு வழி தேடிய அந்நாள்களில்தான், பாய்மரம் பயனற்றது என்று கருதும் உலகை ஒரு பாய்மரப் படகிலேயே சுற்றிவருவது என்னும் எண்ணம் அவருள் உறுதிப்பட்டது. 1895ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. நீச்சல் தெரியாது.

முதலில் சென்று நின்ற இடம் மிக அருகிலிருந்த குளோஸ்டர் என்னும் மீன்பிடித் துறைமுகம். அங்கே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் படகிலேயே தங்கி எஞ்சிய ஏற்பாடுகளை முடித்தார். கரைக்குச் சென்றுவர ஒரு சிறுபடகு வேண்டும். முழுப்படகை வைக்கவோ, தனியாளாகத் தூக்கி இறக்கவோ இயலாது. எவரோ கைவிட்ட பழைய தோணி ஒன்றை வாங்கி, நடுவே அறுத்து, அறுத்த பக்கத்தைப் பலகையால் அடைத்தார். அவ்வரைத் தோணியே அவருக்குத் துணி துவைக்கும் தொட்டியும் குளிக்கும் தொட்டியுமாயிற்று. அவ்வூர் மீன் வணிகர்கள் உலர்ந்த மீனையும், கொந்தளிக்கும் அலைமேல் ஊற்றி அமைதிப்படுத்த ஒரு பீப்பாய் எண்ணெயையும் அன்பளிப்பாகத் தந்தனர். நண்பர்கள் அளித்த இருதிரி விளக்கு இரவில் ஒளி தந்தது. பகலில் அடுப்பாகவும் பயன்பட்டது.

அதே குளோஸ்டர் துறைமுகத்துக்கும் தமிழருக்கும் பின்னாளில் ஓர் உறவு ஏற்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவரும் சிறு படகில் உலகைச் சுற்றிவந்தவரே. வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திவந்த அக்கப்பல், பெருங்கடல்களைக் கடந்து 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் குளோஸ்டரில் நங்கூரமிட்டது.

ஸ்லோக்கம் அங்கிருந்து தம் இளமைக்கால ஊரான பிரையர் தீவைப் பார்த்துவிட்டு, யார்மவுத் துறைமுகத்தில் கடைசிப் பொருள்களை வாங்கினார். துல்லியமான கப்பற்கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைச் சீர்செய்யப் பதினைந்து டாலர் ஆகும் என்றதால் வீட்டிலேயே விட்டுவந்திருந்தார். யார்மவுத்தில் ஒரு தகரக் கடிகாரத்தை வாங்கினார். விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்கே கிடைத்தது. இந்தியப் பெருங்கடலை அடைவதற்குள் அதன் நிமிட முள்ளும் விழுந்துவிட்டது. ஒருமுறை அது நின்றுபோனபோது கொதிநீரில் இட்டு வேகவைத்து மீண்டும் ஓடச்செய்தார். வானத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் கலையை இளமையிலேயே கற்றிருந்ததால் அக்கடிகாரம் அவருக்குப் போதுமானதாயிற்று.

பயணத்தின் தொடக்கத்தில் தனிமை அவரை வருத்தியது. குரல் மங்கிவிடுமோ என்று அஞ்சி, இல்லாத மாலுமிகளுக்கு உரக்க ஆணையிட்டுப் பார்த்தார். ஜிப்ரால்ட்டர் வரை கிழக்கே சென்றவர், அப்பாலுள்ள கடல்களில் கொள்ளையர் மிகுதி என்று கடற்படையினர் எச்சரித்ததால் திரும்பி, மேற்கு வழியாகவே உலகைச் சுற்ற முடிவு செய்தார். புவெனஸ் அயர்ஸில் மீண்டும் வாளை எடுத்துப் பாய்மரத்தை ஏழடி குறைத்தார். புயல் மிகுந்த தென்கடலுக்கு உயரமான பாய்மரம் ஆகாது. தென் அமெரிக்காவின் முனையிலுள்ள மகல்லன் நீரிணையில் இரவில் படகில் ஏறக்கூடியவர்களுக்கு எதிராக மேல்தளத்தில் சிற்றாணிகளைத் தூவிவிட்டு உறங்கினார். வந்தவர்கள் அலறியபடி நீரில் குதித்தனர். அவருடைய நூலில் பலரும் விரும்பிப் படிக்கும் பகுதி இது. ஆனால் அத்தீவுகளின் பழங்குடி மக்களிடமிருந்து குடியேறிகள் நிலத்தைப் பறித்துவந்த காலம் அது என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

புல்வெளியில் செய்த வேலையின் பயன் இந்தியப் பெருங்கடலில் முழுமையாக வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வடக்கேயுள்ள தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை 2,700 மைல். அதனை ஸ்ப்ரே இருபத்து மூன்று நாள்களில் கடந்தது. அத்தனை நாள்களிலும் அவர் சுக்கான் பிடித்த நேரம் மொத்தமாக மூன்று மணிக்கும் மிகாது. சுக்கான் சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டால், நீண்ட ஏராவும் சமன்பட்ட பாய்களும் படகைத் தாமே நேர்வழியில் செலுத்தின. அவர் சமைத்தார், உறங்கினார், இரவும் பகலும் படித்தார். பின்னர் மொரிசியசை அடைந்தார். கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழர் பலர் குடும்பங்களுடன் வாழ்ந்த தீவு அது. அங்கிருந்து தென்னாப்பிரிக்கா, செயின்ட் ஹெலினா வழியாக அமெரிக்கா திரும்பினார்.

1898ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் நியூபோர்ட் துறைமுகத்தில் நங்கூரமிட்டார். மூன்று ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் கடந்திருந்தன. தொலைவு 46,000 மைல். உலகைத் தனியாகச் சுற்றிவந்த முதல் மனிதர் அவரே. ஆனால் பயணம் முடிந்ததாக அவர் கருதவில்லை. சில நாள்களில் ஃபேர்ஹேவனுக்குப் படகைச் செலுத்தினார். ஸ்ப்ரே முதன்முதலில் நீரில் இறங்கியபோது அதைக் கட்டிவைக்கக் கரையில் அடித்திருந்த தேவதாரு முளை அப்படியே நின்றது. அம்முளையிலேயே படகைக் கொண்டுவந்து கட்டினார்.

1900ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பயண நூல் அவருக்குப் புகழும் ஓரளவு பொருளும் தந்தது. அப்பணத்தில் மார்த்தாஸ் வின்யார்டு தீவில் ஒரு பண்ணை வாங்கினார். வாழ்நாளில் அவர் தரையில் வாங்கிய முதல் வீடு அது. உழுதார், பழமரங்கள் நட்டார். எனினும் மனம் அங்கே தங்கவில்லை. குளிர்காலம் வந்தால் ஸ்ப்ரேயில் ஏறி வெப்பமான தீவுகளுக்குச் சென்றுவிடுவார். அவருக்கும் வயது ஏறியது, படகுக்கும் ஏறியது. பிற்காலத்தில் படகைக் கண்டவர்கள், அது முன்போலச் செம்மையாகப் பேணப்படவில்லை என்று எழுதியுள்ளனர்.

அறுபது வயதைக் கடந்த நிலையில், தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றின் வழியே உள்நாட்டுக்குள் சென்று, அமேசான் ஆற்றை அடையும் எண்ணத்துடன் அவர் மீண்டும் தனியே புறப்பட்டார். அதன்பின் அவரைக் கண்டவர் எவருமில்லை. 1909ஆம் ஆண்டு நவம்பரிலேயே அவர் இறந்துவிட்டதாக 1924இல் நீதிமன்றம் அறிவித்தது. ஃபேர்ஹேவன் புல்வெளியில் அவர் பொருத்திய பலகைகளுள் ஒன்றுகூட எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.